ஓசூர் எல்லையில் புலம்பெயர்ந்து பாலியல் தொழில் செய்யும் பெண்கள்: நோய் அபாயம் எங்கிருந்து வருகிறது?

ஓசூர்ப் பக்கம் களப்பயிற்சிக்கு வந்திருக்கும் சமூகப்பணி மாணவி ஒருவர் மூன்று கேள்விகளைச் சேர்த்துக் கேட்டிருக்கிறார். கர்நாடக, ஆந்திர எல்லையை ஒட்டிய பகுதிகளில் வெளியூரிலிருந்து வந்து பாலியல் தொழில் செய்யும் பெண்களுக்கு நோய்த்தொற்று அபாயம் உள்ளூர்ப் பெண்களைவிடக் கூடுதலா, கூடுதல் என்றால் அது ஏன், அவர்கள் வழியாகத்தான் ஊருக்குள் நோய் வருகிறது என்று தன் வீட்டார் சொல்வது சரியா என்பவை அந்தக் கேள்விகள். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் முதலில் பரிசோதனை ஆலோசகராகவும் பிறகு களத்திட்டத்திலும் பல ஆண்டுகள் வேலை பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: முதல் கேள்விக்கு ஆம் என்பதும் மூன்றாவது கேள்விக்கு இல்லை என்பதும் என் பதில், இரண்டாவது கேள்விக்குத்தான் நீளமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் நிலத்தைப் பார்த்துவிடலாம். 2004-ல் தர்மபுரியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமான கிருஷ்ணகிரிக்கு ஒரு பக்கம் கர்நாடகமும் இன்னொரு பக்கம் ஆந்திரமும் எல்லை. பெங்களூர், சென்னை, சேலம், குப்பம், திருவண்ணாமலை ஆகிய ஐந்து திசைகளுக்கும் போகும் நெடுஞ்சாலைகள் கிருஷ்ணகிரி நகரத்தில் ஒன்றுகூடுகின்றன. ஓசூரிலிருந்து பெங்களூர் நாற்பது கிலோமீட்டர்தான் என்பதால், காலையில் எல்லைக்கு அந்தப் பக்கம் கர்நாடகத்தில் இருக்கும் அத்திப்பள்ளியைத் தாண்டிப்போய் இரவில் வீடு திரும்புகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். தளி, தேன்கனிக்கோட்டை, வேப்பனப்பள்ளிப் பக்கத்து வீடுகளில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே திண்ணையில் பேசப்படுகின்றன. ஆகவே மனிதர்களைப் பொறுத்தவரை இந்த எல்லை ஒரு தடையாக இருந்ததே இல்லை. ஆனால் மருத்துவப் பதிவேடு, நலத்திட்ட அட்டை, களப்பணியாளரின் பொறுப்பு எல்லை ஆகியவற்றுக்கு அது உண்மையான தடை. நான் பார்த்த அளவில், புலம்பெயர்ந்து தொழில் செய்யும் பெண்களின் கூடுதல் அபாயத்தில் பெரும்பகுதி இந்த முரணில் இருந்துதான் பிறக்கிறது.

இங்கே தொழில் நடந்த விதமும் மாறிவிட்டது. முன்பு ஓசூரை அடுத்த மாநில எல்லையில் இருந்த ஜூஜூவாடிச் சோதனைச் சாவடியில் லாரிகள் மணிக்கணக்கில், சில சமயம் இரவு முழுக்க, காகிதம் சரிபார்க்கக் காத்துக் கிடந்தன. லாரி நின்ற இடத்தில் டீக்கடையும் தாபாவும் பஞ்சர் கடையும் வந்தன. அவற்றைச் சார்ந்து தொழிலும் நடந்தது. தொப்பூர்க் கணவாய் ஏறுவதற்கு முன் வண்டியை ஓரங்கட்டி ஓய்வெடுக்கும் இடங்களிலும் இதே நிலைதான். ஆகவே ஆணுறை கொடுக்கவும் பரிசோதனைக்கு அழைக்கவும் களப்பணியாளருக்கு எங்கே போக வேண்டும் என்பது தெரிந்திருந்தது. 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்ததும் வணிகவரிச் சாவடிகள் மூடப்பட்டு லாரிகள் நிற்பது குறைந்தது. அதே காலத்தில் எல்லார் கைக்கும் மலிவான இணைய வசதியுடன் கைபேசி வந்து சேர்ந்தது. வாடிக்கையாளரைத் தேடிச் சாலையோரம் நின்றவர்கள் அழைப்புக்காக அறைக்குள் காத்திருக்கத் தொடங்கினார்கள். சாலையோரம் நிற்பதில் இருந்த அவமானமும் அடிதடியும் குறைந்ததை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அவர்களைத் தேடிப்போகும் எங்கள் வேலை அதனால் பல மடங்கு கடினமானது. பழைய இடங்களின் பட்டியலை வைத்துக்கொண்டு புதிய காலத்தில் அலைந்த நாட்கள் எங்களுக்கு உண்டு.

யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். தர்மபுரி மாவட்டம் மழையை நம்பிய மேட்டுநிலம். பென்னாகரம், அரூர்ப் பக்கத்துக் குடும்பங்கள் பெங்களூருக்குக் கட்டட வேலைக்கும் திருப்பூருக்குப் பனியன் கம்பெனிக்கும் போவது பல தலைமுறைப் பழக்கம். அப்படிப் போன பெண்களில் சிலர் கூலி போதாமலோ கடன் நெருக்கியோ இந்தத் தொழிலுக்குள் வந்து, சொந்த ஊருக்குத் தெரியாத தூரத்தில் தொழில் செய்கிறார்கள். அதே காரணத்துக்காகக் கோலார், சித்தூர்ப் பக்கத்துப் பெண்கள் இங்கே வருகிறார்கள். உறவுக்காரர் கண்ணில் படாத தூரம் வேண்டும், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் இரண்டு மணி நேரத்தில் வீடு போய்ச் சேரவும் வேண்டும் என்ற இரண்டு தேவைகளும் சந்திக்கும் இடம் பெரும்பாலும் பக்கத்து மாநிலத்தின் எல்லை ஊராக இருக்கிறது. மூன்றாவதாக, ஓசூர், சூளகிரி, போச்சம்பள்ளி வட்டாரங்களில் தொழிற்சாலைகள் பெருகிய பிறகு ஒடிசா, பீகார், அசாம், மேற்கு வங்கத்திலிருந்து வந்த ஆண் தொழிலாளர்களை ஒட்டி, அதே மாநிலங்களிலிருந்து வந்த பெண்களும் இருக்கிறார்கள். இவர்களுக்குத் தெலுங்கோ கன்னடமோகூடக் கைகொடுப்பதில்லை. பதினெட்டு வயதுக்குக் குறைந்த பெண்ணோ, ஏமாற்றி அழைத்துவரப்பட்டு அடைத்து வைக்கப்பட்டவரோ இந்தக் கணக்கில் வரமாட்டார்கள், அது குற்றம். உடனே குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கோ பெண்கள் உதவி எண்ணான 181-க்கோ சொல்ல வேண்டிய செய்தி அது. இனி நான் எழுதுவது, வயது வந்து, வேறு வழி பார்த்து, இந்த வழியில் நிற்கும் பெண்களைப் பற்றி.

இப்போது நோய்களுக்கு வருவோம். எல்லாரும் எச்.ஐ.வி.யைப் பற்றியே கேட்பார்கள். ஆனால் ஆலோசனை அறையில் நான் அதிகம் பார்த்தது வெள்ளைப்படுதல், அடிவயிற்று வலி, பிறப்புறுப்பில் புண், சிறுநீர் கழிக்கையில் எரிச்சல் ஆகியவற்றைத்தான். வெட்டை நோயும் கிளமிடியாவும் ஆணுக்குச் சீழும் எரிச்சலுமாக வெளியே தெரிந்துவிடும். பெண்ணுக்கோ பல சமயம் எந்த அறிகுறியும் இல்லாமல் கருப்பை வாயில் தங்கி, மெல்ல மேலேறிச் சினைக்குழாயை அடைத்து, பிள்ளைப்பேற்றையே கெடுத்துவிடும். ஆணுக்கு வந்த சீழ் அவனை மருத்துவரிடம் ஓட வைக்கிறது, பெண்ணுக்குள் தங்கிய அதே கிருமி அவளை ஒன்றும் செய்யாதது போல் இருக்கிறது என்பதால், யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்ற சண்டையில் எப்போதும் பெண்ணே குற்றவாளியாகிறாள்.

இவற்றில் சிபிலிஸ் எனப்படும் கிரந்தி நோயைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஊர் மாறிக்கொண்டே இருப்பவரை அது நன்றாக ஏமாற்றும். தொற்றிய சுமார் மூன்று வாரத்தில், சிலருக்கு மூன்று மாதம் வரை கழித்தும், வலியில்லாத ஒரு புண் வரும். வலி இல்லாததால் பலர் கவனிப்பதில்லை. பெண்ணுக்கு உள்ளே வந்தால் கண்ணுக்கும் தெரியாது. கவனித்தவர் பக்கத்து மருந்துக்கடையில் கேட்டு இரண்டு மாத்திரை வாங்கிப் போடுவார். அந்தப் புண் மருந்தே இல்லாவிட்டாலும் மூன்று முதல் ஆறு வாரத்தில் தானாக ஆறும் இயல்புடையது. மாத்திரையால் ஆறியது என்று நம்பி அவர் அடுத்த ஊருக்குப் போய்விடுவார். அங்கே சில வாரம் கழித்து உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அரிப்பில்லாத தடிப்புகள் வரும். அதையும் ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று விட்டுவிடுவார். அதுவும் மறைந்துபோகும். நோய் ரத்தத்தில் இருந்துகொண்டே இருந்து, கருவுற்றால் குழந்தையைக் கொல்லலாம் அல்லது ஊனப்படுத்தலாம். பல ஆண்டுக்குப் பிறகு இதயத்தையும் நரம்பையும் தாக்கலாம். இத்தனைக்கும் தொடக்கநிலை நோய்க்கு மருத்துவம், இடுப்புத் தசையில் ஒரே தடவை போடும் இருபத்துநான்கு லட்சம் யூனிட் பென்சாதைன் பென்சிலின் ஊசிதான். முக்கால் நூற்றாண்டுப் பழைய, விலை மலிந்த மருந்து அது. நிலையாக ஓர் ஊரில் இருக்கும் பெண்ணுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை நடக்கும் ரத்தப் பரிசோதனையில் இது பிடிபட்டுவிடும். மூன்று மாதத்துக்கு ஓர் ஊர் என்று நகர்ந்துகொண்டே இருப்பவர் அந்த ஆறுமாதச் சுற்றில் எங்குமே அகப்படுவதில்லை.

மருந்துக்கடை மருத்துவத்தைத் திட்டுவது எளிது. நானும் திட்டியிருக்கிறேன். ஆனால் புது ஊரில் அரசு மருத்துவமனைச் சீட்டு வாங்குமிடத்தில் ஊர் என்ன, கணவர் பெயர் என்ன, என்ன தொல்லை என்று வரிசையில் பத்துப் பேர் காதுபடக் கேட்கும்போது, பதில் சொல்லாமல் திரும்பிப்போன பெண்களையும் பார்த்திருக்கிறேன். ஒரு மருத்துவமனையில், அசாமிலிருந்து வந்த ஒரு பெண் தன் வலியைச் சைகையில் காட்ட, அங்கிருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் அதன்பிறகு வரவே இல்லை. மருந்துக்கடைக்காரர் கேள்வி கேட்பதில்லை. பெண்களுக்கு அவரிடம் பிடித்தது அந்த ஒன்றுதான். அவர் கொடுக்கும் சிப்ரோஃபிளாக்சசின் வெட்டை நோய்க்கு வெகுகாலமாகப் பலிப்பதில்லை என்பதும், அரைகுறையாகத் தின்ற மாத்திரை கிருமியை முரடாக்கும் என்பதும் இருவருக்கும் தெரியாது.

ஆய்வக முடிவுக்குக் காத்திராமல் மருத்துவம் செய்வதற்கு அரசிடமே ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. அரசு மருத்துவமனைகளில் 'சுகவாழ்வு மையம்' என்ற பெயரில் பால்வினை நோய்ப் பிரிவுகள் இருக்கின்றன. அறிகுறியைக் கேட்டுப் பார்த்து, நிறத்தால் வேறுபடுத்திய ஏழு வகை மருந்துப் பொட்டலங்களில் பொருந்தியதைக் கொடுப்பார்கள். சீழுக்குச் சாம்பல், வெள்ளைப்படுதலுக்குப் பச்சை, புண்ணுக்கு வெள்ளை, பென்சிலின் ஒவ்வாதவருக்கு நீலம், அக்கிப் புண்ணுக்குச் சிவப்பு, அடிவயிற்று வலிக்கு மஞ்சள், தொடை இடுக்கில் நெறிகட்டி வரும் அரையாப்புக்குக் கறுப்பு. எழுத்துத் தெரியாதவருக்கும் மொழி தெரியாதவருக்கும் நிறம் புரியும். வங்காளம் மட்டுமே தெரிந்த ஒருவர் தன் தோழியிடம் 'பச்சை வாங்கு' என்று சொல்லி அனுப்பியதை நான் கேட்டிருக்கிறேன். ஆளைப் பார்க்காமல் நிறத்தை மட்டும் கேட்டு வாங்குவது சரியான வழி இல்லைதான். ஆனால் அந்த ஏற்பாடு எவ்வளவு தூரம் போய்ச் சேர்ந்திருக்கிறது என்பதற்கு அது அடையாளம்.

ஆணுறையைப் பற்றி வெளியே இருப்பவர்கள் நினைப்பதற்கும் உண்மைக்கும் தூரம் அதிகம். காசு கொடுத்து வரும் வாடிக்கையாளரிடம் ஆணுறை போடச் சொல்வதில் பெரும்பாலான பெண்கள் தேர்ந்தவர்கள். தொற்று நுழைவது அந்த வாசல் வழியாகக் குறைவு. கணவர், கணவர் மாதிரி இருப்பவர், அறை பிடித்துக் கொடுத்தவர், ஊரிலிருந்து அழைத்து வந்தவர் ஆகியோரிடம் ஆணுறை பேச்சே எடுக்க முடியாது. எடுத்தால் என்னைச் சந்தேகப்படுகிறாயா என்று அடி விழும். புலம்பெயர்ந்து வந்தவருக்கு அந்த ஓர் ஆளே மொழிபெயர்ப்பாளர், காவல், வீட்டு முகவரி, வங்கிக் கணக்கு எல்லாமாகவும் இருக்கிறார். உள்ளூர்ப் பெண்ணுக்கு எதிர்த்துப் பேசினால் போய்த் தங்க ஒரு தங்கை வீடாவது இருக்கும். அபாயத்தைக் கணக்கிடுகிற படிவங்களில் வாரத்துக்கு எத்தனை வாடிக்கையாளர் என்ற கேள்வி இருக்கும். அறைக்கு வாடகை யார் கொடுக்கிறார் என்ற கேள்வியும் இருந்திருந்தால் எங்களுக்கு இன்னும் நன்றாக விளங்கியிருக்கும்.

சில சிறிய விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இவற்றை யாரும் எழுதுவதில்லை. தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவினால் ரப்பர் உறை சில நிமிடங்களிலேயே நலிந்து கிழியும்; நீர் கலந்த வழுக்குப் பசைதான் அதற்கு ஆகும். வெயிலில் நிற்கும் லாரியின் அறையில் நாள்கணக்கில் கிடந்த உறை நம்பத்தக்கதல்ல. இரண்டு உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டால் உராய்ந்து கிழிவதற்கே வாய்ப்பு அதிகம். தொழில் முடிந்ததும் சோப்பு, டெட்டால் கலந்த நீரால் உள்ளே கழுவும் பழக்கம் பலரிடம் உண்டு. அது நல்ல நுண்ணுயிர்களை அழித்துத் தொற்றுக்கு வழி திறந்துவிடும். பின்வழி உறவுக்குக் கூடுதல் காசு கிடைப்பதாலும் கரு தங்காது என்பதாலும் சிலர் அதைப் பாதுகாப்பானது என்று நம்புகிறார்கள். உறையில்லாமல் நடந்தால் எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு அதில்தான் மிக அதிகம். மதிப்பீடுகளின்படி, எச்.ஐ.வி. உள்ளவருடனான முன்வழி உறவில் பெண்ணுக்குப் பத்தாயிரம் தடவைக்கு 8 என்றால் பின்வழியில் 138. புண்ணோ வேறு பால்வினை நோயோ இருந்தால் இந்த எண்கள் மேலும் கூடும். உறை கிழிந்துவிட்டாலோ, பலவந்தம் நடந்துவிட்டாலோ, 72 மணி நேரத்துக்குள், முடிந்தால் முதல் சில மணி நேரத்துக்குள், அரசு மருத்துவமனைக்குப் போனால், 28 நாள் சாப்பிட வேண்டிய தடுப்பு மருந்து பற்றி மருத்துவர் முடிவு செய்வார். இதற்கு யாரும் முதலில் காவல் நிலையம் போய் வரவேண்டிய தேவை இல்லை.

எச்.ஐ.வி. இருப்பது தெரிந்துவிட்ட பெண்ணின் நிலை வேறு மாதிரியானது. இந்தியாவில் இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சை 2004 ஏப்ரலில் தொடங்கியது. அதைக் கொடுத்த முதல் சில மருத்துவமனைகளில் தாம்பரமும் ஒன்று. 2017 முதல், தொற்று இருப்பது தெரிந்தவுடனேயே, எதிர்ப்பணுக்களின் எண்ணிக்கையைப் பார்த்துக் காத்திராமல் மருந்து தருகிறார்கள். டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை, நாளுக்கு ஒன்று. விடாமல் சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமியின் அளவு கண்டறிய முடியாத நிலைக்கு இறங்கிவிட்டால், அவரிடமிருந்து உடலுறவு வழியாகப் பிறருக்குத் தொற்றாது. இந்த ஒரு செய்தி பெண்களிடம் ஏற்படுத்தும் நிம்மதி சொல்லி முடியாது.

தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் இந்தக் கூட்டு மருந்தைக் கொடுக்கும் ஏ.ஆர்.டி. மையங்கள் இருக்கின்றன. பெண்கள் எங்கே பதிந்தார்களோ அங்கேதான் அவர்களின் சிகிச்சைப் பதிவான வெள்ளை அட்டை இருக்கும். அவர்கள் கையில் இருப்பது பச்சைப் புத்தகம். ஊர் மாறினால் மாறுதல் கடிதம் வாங்கிக்கொண்டு போய்ப் புது ஊரில் பதியலாம். சில வாரத்துக்கு மட்டும் வந்தவர் என்றால் பச்சைப் புத்தகத்தைக் காட்டி இடைக்கால மருந்து வாங்கவும் வழி உண்டு. நடைமுறையில் என்ன ஆகிறது என்றால், அந்தப் புத்தகத்தைப் பையில் வைத்துக்கொண்டு பயணம் செய்வதே அவருக்குப் பயம். அறைத்தோழி பார்த்துவிட்டால் தொழில் போகும். ஆகவே புத்தகத்தை ஊரில் அரிசிப் பானைக்குள் வைத்துவிட்டு வருவார். மருந்து தீர்ந்ததும் இங்கே கேட்க ஆதாரம் இருக்காது. மாத்திரை டப்பாவும் அப்படித்தான். முப்பது மாத்திரை போட்ட டப்பா பேருந்தில் கிலுகிலுவென்று காட்டிக்கொடுக்கும் என்று பெண்கள் சொல்வார்கள். காகிதத்தில் மடித்து எடுத்துப்போனால் ஈரம் பட்டு மருந்து கெடும் என்பதால், டப்பாவின் ஒட்டுத்தாளைக் கிழித்துவிட்டு, மேலே கொஞ்சம் பஞ்சு அடைத்துச் சத்தமில்லாமல் ஆக்கிக்கொள்ளும் வழியை ஒரு பெண்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். அதை நான் நூறு பேருக்காவது சொல்லியிருப்பேன். உகாதிக்கோ சங்கராந்திக்கோ துர்கா பூசைக்கோ ஊருக்குப் போகிறவர் திரும்பி வரும் வரைக்குமான மருந்தை முன்கூட்டியே கேட்டு வாங்க வேண்டும். நிலையாக மருந்து எடுப்பவருக்கு மூன்று மாத மருந்தை ஒரே தடவையில் கொடுக்கும் ஏற்பாடு இருக்கிறது. சொன்னால்தான் கிடைக்கும், சொல்வதற்குத்தான் கூச்சம்.

வேறு சில இழப்புகள் எச்.ஐ.வி.யின் நிழலில் மறைந்துபோகின்றன. மஞ்சள் காமாலை வகைகளில் ஹெபடைடிஸ் பி உடலுறவு வழியாகவும் பரவும். அதற்குத் தடுப்பூசி உண்டு, மூன்று தவணை, கடைசித் தவணை ஆறாவது மாதம். நகர்ந்துகொண்டிருப்பவர் முதல் இரண்டைப் போட்டுக்கொண்டு மூன்றாவதைத் தவறவிடுவது வழக்கமாக நடக்கிறது. கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையும் இப்படியே. எச்.ஐ.வி. உள்ள பெண்ணுக்கு அந்தப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவரைவிடச் சுமார் ஆறு மடங்கு அதிகம் என்பது தெரிந்தும், அவர்களில் பலர் ஒருமுறைகூடப் பரிசோதித்துக்கொண்டதில்லை. 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் இதே கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளி கிராமத்தில்தான் தொடங்கப்பட்டது. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுபோய்க் கொடுக்கும் அருமையான திட்டம். ஆனால் வாசலைத் தேடி வரும் திட்டத்துக்கு வாசல் வேண்டும். லாட்ஜ் அறையில், பெயர் மாற்றிச் சொல்லித் தங்கியிருப்பவருக்கு நாற்பது வயதில் சர்க்கரை வந்தால் யாருக்கும் தெரிவதில்லை.

பாலியல் தொழிலாளிகளுக்கென்று தொண்டு நிறுவனங்கள் வழியாக நடக்கும் இலக்குக் குழுத் திட்டம் நாட்டிலேயே நன்றாக வேலை செய்த பொதுச் சுகாதாரத் திட்டங்களில் ஒன்று என்பது என் கருத்து. அதே தொழிலில் இருக்கும் ஒரு பெண், சகதோழி என்ற முறையில், சுமார் அறுபது பேருக்குப் பொறுப்பேற்று, ஆணுறை கொடுத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனைக்கும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை எச்.ஐ.வி., சிபிலிஸ் பரிசோதனைக்கும் அழைத்து வருவார். அரசு அதிகாரி போனால் திறக்காத கதவு அவருக்குத் திறக்கும். இந்தத் திட்டத்தின் குறை அதன் கணக்கு முறையில் இருக்கிறது. பதிவு செய்த பெண் தொடர்ந்து வரவில்லை என்றால், அவர் தொழிலை விட்டாரா, அத்திப்பள்ளிக்குப் போனாரா, இறந்தாரா என்று தெரியாமலே பட்டியலிலிருந்து நீக்கப்படுவார். பத்துக் கிலோமீட்டர் தள்ளி, மாநில எல்லைக்கு அப்பால், அங்கிருக்கும் நிறுவனம் அவரைப் புதியவராகப் பதியும். பழைய பரிசோதனை முடிவு எதுவும் அவர்களிடம் இருக்காது. இரண்டு பக்கத்துச் சகதோழிகளும் கைபேசியில் தாங்களாகவே பேசிக்கொண்டு, 'என் ஆள் ஒருத்தி அங்கே வருகிறாள், பார்த்துக்கொள்' என்று ஒப்படைத்துக்கொண்ட காலம் ஒன்று இருந்தது. எந்த அறிக்கையிலும் இடம்பெறாத அந்த ஏற்பாடு, நான் பார்த்த எந்த மென்பொருளையும்விட நன்றாக வேலை செய்தது.

சட்டத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. 1956-ஆம் ஆண்டின் ஒழுக்கக்கேடான வணிகத் தடுப்புச் சட்டம், வயது வந்த பெண் தன் விருப்பத்தில் செய்யும் பாலியல் தொழிலைத் தனியே குற்றமாக்கவில்லை. விடுதி நடத்துவது, பொது இடத்தில் அழைப்பது, அந்த வருமானத்தில் பிறர் வாழ்வது ஆகியவற்றைக் குற்றமாக்குகிறது. ஆனால் பையில் நான்கைந்து ஆணுறை இருந்தாலே அதைச் சாட்சியாக வைத்து மிரட்டும் வழக்கம் நெடுங்காலம் இருந்ததால், பெண்கள் உறையை எடுத்துச் செல்லவே அஞ்சினார்கள். 2022 மே 19-ல் உச்ச நீதிமன்றம், உடல்நலத்துக்காக வைத்திருக்கும் ஆணுறையைக் குற்றமாகவோ சாட்சியாகவோ கொள்ளக்கூடாது என்றும், பாலியல் வன்முறைக்கு ஆளான பாலியல் தொழிலாளிக்கு மற்றவர்களுக்கு உள்ளது போலவே உடனடி மருத்துவ உதவி தரவேண்டும் என்றும் உத்தரவிட்டது. முகவரிச் சான்று இல்லாதவரும் ஆதார் பெற அதே உத்தரவில் வழி செய்யப்பட்டிருக்கிறது. 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டத்தின்படி, ஒருவரின் சம்மதமின்றிப் பரிசோதிக்கக்கூடாது, முடிவை வெளியே சொல்லக்கூடாது, தொற்றைக் காரணம் காட்டி மருத்துவம் மறுக்கக்கூடாது. நள்ளிரவில் ஒரு சோதனை நடந்தால், அடுத்த நாளே அந்த லாட்ஜில் இருந்த பெண்கள் எல்லைக்கு அந்தப் பக்கம் போய்விடுகிறார்கள் என்பதையும், பாதியில் நின்ற மருந்துகள் இந்தப் பக்கமே தங்கிவிடுகின்றன என்பதையும் காவல்துறை நண்பர்களிடம் சொன்னால், அவர்களில் பலர் புரிந்துகொள்கிறார்கள்.

மூன்றாவது கேள்வி, இவர்களால்தான் ஊருக்கு நோய் வருகிறதா என்பது. 1986-ல் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமன் தலைமையிலான குழு இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தபோது, ரத்த மாதிரி எடுக்கப்பட்டவர்கள் பாலியல் தொழிலாளிப் பெண்கள். அன்று முதல் அந்தப் பழி அவர்கள் மேல் ஒட்டிக்கொண்டது. அவர்களுக்கு அது எங்கிருந்து வந்தது என்று கேட்டவர் குறைவு. பிறகு 'புலிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்று விழிப்புணர்வு விளம்பரமாகச் சுவருக்குச் சுவர் எழுதிய காலத்தில்தான், தமிழ்நாட்டில் கேள்வி ஆண்கள் பக்கம் திரும்பியது. 2017-ஆம் ஆண்டின் தேசியக் கண்காணிப்பில் எச்.ஐ.வி. தொற்று பாலியல் தொழிலாளிப் பெண்களிடம் 1.56 விழுக்காடு, நெடுந்தூர லாரி ஓட்டுநர்களிடம் 0.86, தனியாகப் புலம்பெயர்ந்த ஆண்களிடம் 0.51 என்று காணப்பட்டது. பொது மக்களில் வயது வந்தோரிடம் அது சுமார் 0.22 விழுக்காடு. பெண்களிடம் விகிதம் கூடுதல் என்பது உண்மை. ஆனால் நூறு பேரில் தொண்ணூற்றெட்டுப் பேருக்குத் தொற்று இல்லை என்பதும் அதே எண்ணில் இருக்கிறது. ஒரு பெண்ணைத் தேடிப் பல ஆண்கள் வருகிறார்கள், அவர்கள் திரும்பி மனைவியிடம் போகிறார்கள்; பெண் யார் வீட்டுக்கும் போவதில்லை. பரிசோதனைக்கு முறையாக வருவதும் அவள்தான். சூளகிரிப் பக்கத்துத் தொழிற்சாலைக் குடியிருப்பில் ஒரு முகாம் போட்டால் ரத்தம் கொடுக்க முன்வரும் ஆண்களின் எண்ணிக்கையை ஒரு கையால் எண்ணிவிடலாம் என்பது என் பழைய ஆதங்கம். உங்கள் வீட்டாரிடம் இதைச் சொல்லுங்கள்.

களப்பயிற்சியில் நீங்கள் என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தால் இதைச் சொல்லியிருப்பேன், கேட்காவிட்டாலும் சொல்கிறேன். கணக்கெடுப்புப் படிவத்தை முதல் நாளே நீட்டாதீர்கள். பேர், ஊர் கேட்காதீர்கள். அடுத்த மாதம் எங்கே இருப்பீர்கள் என்று கேளுங்கள். அந்த ஊரில் எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையமும் சுகவாழ்வு மையமும் எங்கே இருக்கின்றன, எந்தப் பேருந்து நிறுத்தத்தில் இறங்க வேண்டும் என்பதைத் தெரிந்து சொல்லுங்கள். எச்.ஐ.வி. பற்றிய உதவிக்கான 1097 என்ற இலவச எண்ணில் பல மொழிகளில் பேசலாம், பெயர் சொல்ல வேண்டியதில்லை என்பதைச் சொல்லி, அவர் கைபேசியில் அந்த எண்ணை வேறு ஏதாவது பெயரில் பதிந்து கொடுங்கள். என்னிடம் வந்தவர்களில் பலர் அதை 'சித்தி' என்று பதிந்து வைத்திருந்தார்கள். கடைசியாகப் பரிசோதனை செய்துகொண்டது சந்தேகத்துக்குரிய உறவுக்குப் பின் எத்தனையாவது நாள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். மூன்று வாரத்துக்குள் செய்த எச்.ஐ.வி. சோதனையில் இல்லை என்று வந்தால் அது முடிந்த முடிவு ஆகாது, மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். அந்த மூன்றாவது மாதத்தில் அவர் எந்த ஊரில் இருப்பார் என்பதையும், அங்கே யாரிடம் ஒப்படைப்பது என்பதையும் அன்றைக்கே பேசி முடித்துவிடுங்கள்.